244 பிட்டுக்குள் ஒரு குரல்

கும்பகோணத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். டிஸ்ப்ளே உடைந்தது, சார்ஜ் ஏறவில்லை என்பவற்றுக்கு அடுத்தபடியாக என் மேசைக்கு வருபவை குரல் சம்பந்தப்பட்ட புகார்கள்தான். "நான் பேசுறது அவங்களுக்குக் கேட்கலையாம்." "அவங்க பேசுறது கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு." "என் குரலே எனக்குத் திரும்பி வருது." "நடுவுல ரோபோ மாதிரி ஆயிடுது." புகாரோடு தீர்வையும் கையோடு கொண்டுவருவார்கள்: மைக்கை மாத்துங்க, ஸ்பீக்கரை மாத்துங்க. மாற்றிக்கொடுத்தால் எனக்கு வருமானம். ஆனால் இந்த நான்கில் மைக்கை மாற்றித் தீர்வது பெரும்பாலும் முதல் புகார் மட்டுமே. மற்றவற்றின் காரணம் தெரிய வேண்டுமானால், போனுக்குள் குரல் என்ன பாடுபடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லாமல் காசு வாங்க எனக்கு மனம் வருவதில்லை.

முதலில் ஒரு விஷயம். துபாயிலிருந்து மகன் பேசுகிறான், அந்தக் குரலே கம்பியிலும் காற்றிலும் பயணம் செய்து வந்து நம் காதில் விழுகிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை. அங்கிருந்து வருவது அவன் குரலைப் பற்றிய குறிப்பு. அந்தக் குறிப்பை வைத்துக் குரலைப் புதிதாகச் செய்வது உங்கள் கையில் இருக்கும் போன். விநாடிக்கு 50 முறை இந்த வேலை நடக்கிறது.

மைக்கிலிருந்து வருவோம். சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஊசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். அதற்கு உள்ளே, நான்கு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத ஒரு உலோகப் பெட்டி போர்டில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைத் திறந்து லென்ஸில் பார்த்தால் சிலிக்கானில் செதுக்கிய சவ்வு ஒன்று தெரியும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலம். கனமோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதன் எதிரே துளையிட்ட ஒரு தகடு. நாம் பேசும்போது காற்றழுத்தம் ஏறி இறங்க, சவ்வும் தகடும் நெருங்கி விலகுகின்றன. அந்த இடைவெளி மாறுவதுதான் மின் அழுத்தமாக மாறுகிறது. இவ்வளவு மெல்லிய சவ்வு இருக்கிற துளையில்தான் பலர் சிம் ட்ரே எடுக்கும் ஊசியை விட்டு 'சுத்தம்' செய்கிறார்கள். ப்ளோயரில் காற்றடிக்கிறவர்களும் உண்டு. சவ்வு கிழிந்துவிட்டால் அதைத் தைக்க வழியில்லை, மைக்கையே மாற்ற வேண்டும். துளையில் அழுக்கு இருந்தால் மென்மையான உலர்ந்த பிரஷ் போதும்.

மின் அழுத்தம் அடுத்து எண்ணாகிறது. சாதாரண 2ஜி அழைப்பில் விநாடிக்கு 8,000 முறை குரலின் அளவு எடுக்கப்படும். ஒவ்வோர் அளவுக்கும் 13 பிட். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 1,04,000 பிட். 8,000 முறை அளந்தால் 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைத்தான் பிடிக்க முடியும். பழைய தொலைபேசிக் காலத்து வழக்கப்படி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டார்கள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம். ஸ்பீக்கரில் கோளாறே இருக்காது.

இந்த வெட்டில் போவது கொஞ்சமல்ல. ஆண் குரலின் அடிப்படை அதிர்வு 100, 120 ஹெர்ட்ஸில் இருக்கும். அது 300-க்குக் கீழே. அதாவது, உங்கள் அப்பாவின் குரலுடைய அடிநாதம் இந்த அழைப்பில் வருவதே இல்லை. 360, 480 என்று அதன் மடங்குகளில் மேலே உள்ளவைதான் வருகின்றன. அந்த மடங்குகளைக் கேட்ட மூளை, 'இவற்றுக்கெல்லாம் அடி 120 தானே' என்று தானே கணக்குப் போட்டு, இல்லாத கனத்தைக் கேட்டுக்கொள்கிறது. நம் காது செய்கிற இந்த வேலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் தீருவதில்லை.

மேல்பக்கத்து வெட்டை மூளையால் அப்படி ஈடுகட்ட முடியாது. 'ஸ்' என்ற ஒலியின் பலமெல்லாம் பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான். 'ஃப்' அதைவிட மெலிந்தது. இரண்டையும் 3,400-ல் வெட்டிவிட்டால் மிஞ்சுவது கிட்டத்தட்ட ஒரே சீறல். வண்டி நம்பர் சொல்லும்போது "எஸ்ஸா, எஃப்ஃபா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பதும், "எஸ் ஃபார் செல்வி" என்று விளக்குவதும் இதனால்தான். தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. ல, ள, ழ மூன்றையும் பிரித்துக்காட்டும் அதிர்வுகள் பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. சரியாகச் சொல்பவர் சொன்னால் 'ழ' அந்தக் குறுகிய பாதையிலும் தப்பி வந்துவிடும்.

இனி முக்கியமான இடம். விநாடிக்கு 1,04,000 பிட்டை ஒவ்வொருவருக்கும் கொடுத்தால் டவர் தாங்காது. 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டெல்லியில் இருந்த சுக்ராமுடன் பேசி இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பைத் தொடங்கிவைத்தார். அப்போதைய ஜிஎஸ்எம் முறையிலேயே பேச்சுக்குக் கொடுத்தது விநாடிக்கு 13,000 பிட் மட்டும். 1999-ல் தரப்படுத்தப்பட்ட ஏஎம்ஆர் முறையில் அதிகபட்சம் 12,200; சிக்னல் மோசமானால் 4,750 வரை இறங்கும். எட்டில் ஒரு பங்குக்குச் சுருக்கினாலும் பேசுவது இன்னார் என்று தெரிகிறதே, எப்படி?

எங்கள் பக்கத்து நாதஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து செய்கிறார்களே, அது. வாயில் வைக்கும் சீவாளி துடித்து ஒலியை எழுப்புகிறது. உலவு என்கிற நீண்ட மரக்குழல் அந்த ஒலிக்கு உருவம் கொடுக்கிறது. மனிதக் குரலும் இதே ஏற்பாடுதான். தொண்டையில் குரல்நாண்கள் துடிப்பது சீவாளி. தொண்டை, நாக்கு, உதடு, மூக்கு சேர்ந்த பாதை உலவு. ஒரு வித்தியாசம், நம் உலவு நொடிக்கு நொடி உருமாறும். வாயைத் திறந்தால் 'ஆ', உதட்டைக் குவித்தால் 'ஊ'. இப்போது யோசியுங்கள். நாதஸ்வர ஓசையை முழுதாக அனுப்புவதற்குப் பதிலாக, 'குழல் இந்த நொடியில் இந்த வடிவம், சீவாளி இந்த வேகத்தில் துடிக்கிறது, இவ்வளவு பலமாக' என்று மட்டும் எழுதி அனுப்பினால்? வாங்குபவரிடம் ஒரு குழலும் சீவாளியும் இருந்தால் அவரே வாசித்துக்கொள்வார். எல்லா போனுக்குள்ளும் அந்தக் குழலும் சீவாளியும் கணக்கு வடிவத்தில் இருக்கின்றன.

இதற்கு வழி செய்தவர்களில் ஒருவர் நம் நாட்டுக்காரர். கான்பூரில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்து, 1961-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்த பிஷ்ணு அடல். குரலின் முந்தைய சில அளவுகளை வைத்து அடுத்த அளவைக் கணிக்கலாம், அந்தக் கணிப்புக்கு வேண்டிய எண்களே வாயின் வடிவத்தைச் சொல்லிவிடும் என்ற முறையை அவர் அங்கே வளர்த்தெடுத்தார். அதே காலத்தில் ஜப்பானில் இடாகுராவும் சைட்டோவும் தனியாக இதே வழியில் வந்தார்கள். 1985-ல் அடலும் மான்ஃப்ரெட் ஷ்ரோடரும் சேர்ந்து இதை அடுத்த படிக்குக் கொண்டுபோனார்கள். அப்போது உலகின் பெரிய கணினிகளில் ஒன்றான கிரே-1-ல் ஓட்டியபோது, ஒரு விநாடிப் பேச்சைச் சுருக்க 125 விநாடி பிடித்தது. அந்தக் கணக்கின் வழிவந்த வேலையைத்தான் இன்று மிக மலிவான பட்டன் போனும், நாம் பேசப் பேசவே, செய்துமுடிக்கிறது. இங்கே மேசையில் கழற்றிப் போட்ட பழைய போர்டுகளைப் பார்க்கிறவர்கள் 'ஸ்கிராப்' என்பார்கள். எனக்கு அவற்றின் மேல் தனி மரியாதை உண்டு.

ஒரு துண்டைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு பெண் 'அம்மா' என்று கூப்பிடுகிறார். போன் அதை 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டுகிறது. கடைசி 'மா'வின் நடுவிலிருந்து ஒரு துண்டு. அதில் 160 அளவுகள், அதாவது 2,080 பிட். 12,200 வேகத்தில் போன் இதை 244 பிட்டாக எழுதுகிறது. அதில் 38 பிட் வாயின் வடிவத்துக்கு: 'ஆ'வுக்குத் திறந்த வாய், அதன் முதல் இரண்டு ஒத்ததிர்வுகள் எங்கே என்ற விவரம். 30 பிட், குரல்நாண் எத்தனை அளவுகளுக்கு ஒருமுறை துடிக்கிறது என்பதற்கு. 200 ஹெர்ட்ஸ் குரல் என்றால் 40 அளவுகளுக்கு ஒருமுறை. அந்தத் துடிப்பு எவ்வளவு பலமாகத் திரும்ப வருகிறது என்பதற்கு 16 பிட். இவ்வளவு சொல்லியும் பிடிபடாமல் ஒரு மிச்சம் இருக்கும். அவருடைய குரலின் கரகரப்பு, மூச்சு, அந்த நேரத்து நடுக்கம் எல்லாம் அதில்தான். அதற்காக 140 பிட் ஒதுக்கப்படுகிறது. ஒவ்வொரு 5 மில்லி விநாடியிலும் 40 இடங்கள் உண்டு, அவற்றில் 10 இடத்தில் சின்னச் சின்னத் துடிப்புகளை வைத்து மிச்சத்தை வரைகிறார்கள். அவற்றின் அளவுக்கு 20 பிட். கூட்டினால் 244.

அந்தப் பத்து இடங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதில்தான் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இருக்கிறது. அனுப்பும் போனே, வாங்கும் போன் செய்யப்போவதை முன்கூட்டித் தனக்குள் செய்து பார்க்கிறது. துடிப்புகளை ஒரு விதமாக வைத்துக் குரலை உண்டாக்கும். உண்மையான குரலோடு ஒப்பிடும். இன்னொரு விதமாக வைக்கும், மறுபடி ஒப்பிடும். எது காதுக்கு மிகக் குறைவான வித்தியாசத்தைக் காட்டுகிறதோ அதன் குறிப்பை மட்டும் அனுப்பும். குரல் பலமாக இருக்கும் அதிர்வெண்களில் சிறு பிழை இருந்தாலும் காதுக்குத் தெரியாது, பலமில்லாத இடத்தில் தெரிந்துவிடும். அதையும் கணக்கில் எடுத்துத்தான் ஒப்பிடுகிறது.

244 பிட்டும் ஒரே மதிப்புடையவை அல்ல. அவற்றில் 81 பிட் கெட்டுவிட்டால் அந்தத் துண்டே வீண். எனவே அவற்றுக்கு டவர் பாதையில் கூடுதல் பாதுகாப்பு. கடைசி 60 பிட்டில் ஒன்றிரண்டு கெட்டாலும் கேட்பவருக்குப் பெரிதாகத் தெரியாது. அந்த முக்கியமான 81-ல் பிழை என்று தெரிந்தால், வாங்கும் போன் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, முந்தைய துண்டையே கொஞ்சம் சத்தம் குறைத்துத் திரும்ப வாசிக்கும். ஒரு துண்டு போனால் யாருக்கும் தெரியாது. தொடர்ந்து ஐந்தாறு போனால் ஒரே வாய்வடிவம், ஒரே துடிப்பு இழுபட்டுக்கொண்டே போகும். 'ரோபோ மாதிரி' என்பது இதுதான். லிஃப்டுக்குள் போகும்போதும் ரயில் ஓடும்போதும் நடக்கிறது என்றால் உங்கள் போனில் எதையும் மாற்ற வேண்டாம். எந்த இடத்தில் நின்றாலும் நடக்கிறது என்றால் மட்டும் ஆன்டெனாவைப் பார்க்கிறேன்.

பேசாமல் இருக்கும் நேரத்திலும் ஒரு ஏற்பாடு உண்டு. நீங்கள் எதிராளி சொல்வதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தால், உங்கள் போன் துண்டு அனுப்புவதை நிறுத்திவிடும். பேட்டரிக்கு மிச்சம். ஆனால் எதிர்ப்பக்கம் திடீரென்று முழு நிசப்தம் ஆனால் 'ஹலோ, லைன்ல இருக்கீங்களா?' என்பார்கள். எனவே 160 மில்லி விநாடிக்கு ஒருமுறை 'என் பக்கத்து இரைச்சல் இப்படி' என்று ஒரு சிறு குறிப்பு மட்டும் போகும். அதை வைத்து அவர் போன் ஒரு மெல்லிய இரைச்சலைத் தானே உண்டாக்கிக் காட்டும். அவர் கேட்பது உங்கள் வீட்டு மின்விசிறிச் சத்தம் அல்ல, அதன் சாயலில் அவர் போன் செய்த சத்தம்.

அடுத்து எதிரொலி. இதில் ஒன்றை மட்டும் எல்லோரும் தெரிந்துகொண்டால் எவ்வளவோ செலவு மிச்சமாகும். உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பி வந்தால், கோளாறு அநேகமாக எதிராளியின் போனில். உங்கள் குரல் அவருடைய ஸ்பீக்கரில் வந்து, அவருடைய மைக்கில் விழுந்து, திரும்பி வருகிறது. ஒவ்வொரு போனும் தன் ஸ்பீக்கரில் என்ன ஒலிக்கிறது என்பதை அறியும். அது மைக்குக்கு எந்த வழியில், எவ்வளவு தாமதத்தில் வந்து சேரும் என்பதைப் பேச்சின் போக்கிலேயே கற்றுக்கொண்டு, மைக்கில் விழுந்ததிலிருந்து அந்தப் பங்கைக் கழித்துவிடும். போனைக் காதிலிருந்து எடுத்து மேசையில் வைத்தால் பாதை மாறும், மறுபடி கற்றுக்கொள்ளும். தானே கற்றுக்கொள்ளும் இந்தக் கழித்தலைப் பற்றி 1967-ல் எழுதியவர் பெல் ஆய்வகத்தில் வேலைபார்த்த இன்னொரு இந்தியர், மன்மோகன் சோந்தி. அவர் காலத்தில் அது தொலைதூரத் தொலைபேசி இணைப்புகளுக்கு. இன்று எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. அது தோற்றுப்போவது எப்போது? டிஸ்ப்ளே மாற்றும்போது மைக்கைச் சுற்றியுள்ள ரப்பரை விட்டுவிட்டால், ஸ்பீக்கர் சத்தம் போனின் உள்ளாகவே மைக்குக்குள் புகுந்துவிடும். அந்த ரப்பர் சின்னது, விலை ஒன்றுமில்லை, வேலை முடிந்த பிறகு மேசையில் அது தனியாகக் கிடக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம்.

இரைச்சல் நீக்கத்துக்கு வருகிறேன். பல போன்களில் மேல்விளிம்பிலோ கேமரா பக்கத்திலோ இன்னொரு மைக் துளை இருக்கும். கீழ் மைக்கில் உங்கள் குரல் பலமாகவும், மேல் மைக்கில் மெலிதாகவும் விழும். பஸ் ஹாரனும் கடைத்தெருச் சத்தமும் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவில் விழும். இந்த வித்தியாசத்தை வைத்து எது நீங்கள், எது ஊர் என்று பிரிக்கிறது. மேல் துளையை மூடும் பேக் கவரைப் போட்டுவிட்டால் இந்தக் கணக்கு குழம்பி, உங்கள் குரலையே கூட வெட்டும். கவரைக் கழற்றிவிட்டுப் பேசிப் பார்த்தாலே பாதிப் புகார் என் மேசையில் தீர்ந்துவிடுகிறது. ஒரு மைக் மட்டும் உள்ள போனும் இரைச்சலை நீக்கும். அதன் வழி வேறு. மனிதப் பேச்சு ஏறும், இறங்கும், நிற்கும். மாறாமல் ஒரே சீராக ஒலித்துக்கொண்டிருப்பது எதுவோ, அது இரைச்சல் என்று முடிவுகட்டி அதைத் தேய்த்து எடுத்துவிடும்.

இந்த முடிவால் அல்லாடியவர் எங்கள் தெருவில் இருக்கும் பாட்டு டீச்சர். வெளியூர், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் போனில் வகுப்பெடுக்கிறார். "தம்பி, நான் சுருதிப் பெட்டியைப் பக்கத்துலயே வெச்சுக்கிட்டுப் பாடறேன். ஆரம்பத்துல ஒரு க்ஷணம் கேக்குதாம், அப்புறம் சுத்தமா இல்லையாம். என் குரல் மட்டும் போகுதாம். ஒருத்தர் மைக் போச்சுன்னார், மாத்தியும் ஆச்சு." போனில் இருந்த ரெக்கார்டரில் பதிந்து பார்த்தேன். சுருதி கணீரென்று இருந்தது. அப்படியானால் மைக் நன்றாகவே இருக்கிறது. அழைப்பு போட்டு என் போனில் கேட்டேன். ஸட்ஜமும் பஞ்சமமும் முதல் ஒன்றிரண்டு விநாடி வந்து, தேய்ந்து, காணாமல் போயின. சுருதியின் வேலையே மாறாமல் நிற்பதுதானே! அதனாலேயே போன் அதை மின்விசிறியோடு சேர்த்துவிட்டது. நீக்கத்திலிருந்து தப்பினாலும் அடுத்த கதவு காத்திருக்கிறது. ஒரு தொண்டை, ஒரு துடிப்பு என்று நினைத்துக் கட்டிய கணக்கில், டீச்சரின் குரலும் சுருதியும் சேர்ந்து வந்தால் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டையும் கெடுக்கும். காலர் ட்யூனில் நல்ல பாட்டும் நசுங்கிக் கேட்பது இதனால்தான்.

இப்போது நிலைமை முன்பைவிட மேல். 2001-ல் வந்த அகல அலைவரிசை ஏஎம்ஆர் விநாடிக்கு 16,000 முறை அளக்கிறது. 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை எடுத்துக்கொள்கிறது. அப்பாவின் அடிநாதமும் 'ஸ்'ஸின் சீறலும் அதில் உண்டு. 4ஜி வழியே போகும் வோல்டி அழைப்புகளில் குரல் பளிச்சென்று இருப்பதற்குக் காரணம் இதுவே. 2014-ல் வந்த இவிஎஸ் இன்னும் விரிவு. அது பேச்சா இசையா என்று பார்த்து அதற்கேற்ப முறையை மாற்றிக்கொள்ளும். இணைய அழைப்புகளில் பயன்படும் ஓபஸ் முறையும் பேச்சுக்கு ஒன்று, இசைக்கு ஒன்று என இரண்டு வழிகளைக் கையில் வைத்திருக்கிறது. ஆனால் இரண்டு முனையிலும் இந்த வசதி இருந்தால்தான் பலன். நீங்கள் 5ஜி போன் வாங்கியிருக்கலாம், ஊரில் அம்மா 2ஜி பட்டன் போனில் எடுத்தால் பழைய 3,400-தான்.

டீச்சருக்கு இரண்டு வழி சொன்னேன். ஜூம் செயலியில் அசல் ஒலியை அப்படியே அனுப்பும் ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் இரைச்சல் நீக்கம் விலகிக்கொள்ளும், சுருதி போய்ச் சேரும். மின்விசிறியை நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். நெட் சரியில்லாத பிள்ளைகளுக்குச் சாதாரண அழைப்புதான் கதி. அவர்கள் தங்கள் பக்கத்தில் தனியாக ஒரு சுருதி வைத்துக்கொள்ளட்டும் என்றேன்.

"அப்ப நானும் பாடம் கேக்குற பையனும் சேர்ந்து பாட முடியாதா?"

முடியாது. 20 மில்லி விநாடித் துண்டு சேர வேண்டும், சுருங்க வேண்டும், டவர் டவராகப் போக வேண்டும், அங்கே மறுபடி குரலாக வேண்டும். ஒரு வழிக்கு 150 மில்லி விநாடிக்குள் முடிந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த அளவு. அவ்வளவு தாமதம் பேச்சுக்குச் சரி. தாளத்துக்கு ஆகாது. டீச்சர் தாளம் தட்டி, அவன் அதைக் கேட்டுப் பாடி, அது திரும்பி வருவதற்குள் விநாடியில் கால் பங்குக்கு மேல் ஓடிவிடும்.

எனவே இப்போது அவர் ஒரு சங்கதி பாடுகிறார், பையன் கேட்டுவிட்டுத் திருப்பிப் பாடுகிறான். அவன் பக்கத்துச் சுருதியை அவன் போன் அழித்துவிட்டுக் குரலை மட்டும் அனுப்புகிறது. டீச்சர் அதைத் தன் பக்கத்துப் பெட்டியோடு சேர்த்துக் கேட்கிறார். பையன் காந்தாரத்தில் கொஞ்சம் இறங்கினாலும் அதிலேயே தெரிந்துவிடுகிறது என்கிறார்.